காசு யாருடைய பெயரில் வருகிறது?

நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில் கொடியேறினால் 25 நாளும் எங்கள் ஒழுங்கைகளில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் நடமாட்டம்தான். கனடா, சுவிஸ், லண்டன் என்று வந்த உறவுகள் தேரும் தீர்த்தமும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பயணப் பெட்டிக்குள் மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பினாட்டும் பனங்கட்டியும் அடுக்கிக்கொண்டு போவார்கள். இரண்டு மாதத்தில் தூள் முடிந்துவிடும். பிறகு தொலைபேசி வரும். "அக்கா, இன்னும் அஞ்சு கிலோ அனுப்புவீங்களோ? காசை எப்பிடிப் போடுறது?"

இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் இம்மாதம் எழுத விரும்புகிறேன். கேட்பதற்குச் சிறிய கேள்வி. ஆனால் அதற்குப் பதில் தேடப்போய் நானும் என்னோடு இருக்கும் மூன்று பெண்களும் ஏறக்குறைய ஒரு வருடம் அலைந்தோம். காசையும் இழந்தோம், கொஞ்சக்காலம் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாமலும் இருந்தோம். இதே பாதையில் கால் வைக்கப்போகும் சகோதரிகளுக்கு எங்கள் அலைச்சல் பயன்பட வேண்டும்.

மூவருடைய பெயரையும் நான் எழுதவில்லை. மூத்தவர் அறுபதை நெருங்குகிறார். கணவரை ஷெல் வீச்சில் இழந்தவர். பனை ஓலையில் பெட்டி இழைப்பதும் ஒடியல் மா இடிப்பதும் அவருடைய தொழில். இரண்டாமவர் வன்னியிலிருந்து வந்து நல்லூரில் தாயாரின் வீட்டில் இருப்பவர். அவருடைய கணவரை 2009 மே மாதத்திற்குப் பிறகு எவரும் காணவில்லை. தூள் வறுத்து இடிப்பதில் அவருக்கு நிகர் அவரே. மூன்றாமவர் இளையவர். 2009 இல் சிறுமியாக இருந்தபோது காலில் காயப்பட்டவர். தையல் வேலையோடு, பொருட்களைப் படம் எடுத்து முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் போடுவது அவருடைய பொறுப்பு.

தொடக்கத்தில் மூவருக்கும் வந்த காசு ஒரே கணக்கிற்குத்தான் வந்தது. அது இரண்டாமவரின் தம்பியுடைய கணக்கு. அவரிடம் நல்ல கைத்தொலைபேசி இருந்தது, வங்கியின் செயலி இருந்தது, ஆங்கிலத்தில் வரும் குறுஞ்செய்தியை வாசிக்கத் தெரிந்திருந்தது. "அக்கா, நான் பார்த்துத் தாறன்" என்றார். எவருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

தெரியாததற்குக் காரணம் உண்டு. தூரத்திலிருந்து வரும் காசில் வாழ்ந்து பழகியவர்கள் நாங்கள். மலாயாவிலும் கொழும்பிலும் உத்தியோகம் பார்த்த ஆண்கள் அனுப்பிய காசில் யாழ்ப்பாணத்து வீடுகள் எழும்பின. அதனால்தான் எங்களுடையதைக் காசுக்கட்டளைப் பொருளாதாரம் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். போர்க்காலத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளின் காசு உண்டியல்காரர் கையால் வந்தது. ஒரு தொலைபேசி, ஒரு துண்டு, சில வேளை ஒரு நோட்டின் இலக்கம், அவ்வளவுதான் சாட்சி. 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டுக் குடாநாடு தனித்துப் போனபோது எத்தனையோ அடுப்புகளை எரிய வைத்தது அந்த வழிதான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அனுப்புகிறவரின் பெயர், வாங்குகிற ஆணின் பெயர், கொண்டு வருகிறவரின் பெயர் என்று பல பெயர்கள் ஓடிய அந்தப் பாதையில் பெண்ணின் பெயர் அநேகமாகக் கடைசியில்தான் வரும். சமையலறைக்கு வந்து சேரும்போது அது யார் உழைத்த காசு என்பதும் மறந்து போயிருக்கும்.

எங்கள் விடயத்திலும் அதுதான் நடந்தது. ஒரு தைப்பொங்கலுக்கு முன் வந்த பெரிய ஓடர்க் காசில் ஒரு பங்கு, தம்பியின் மோட்டார் சைக்கிள் லீசிங்கிற்குப் போய்விட்டது. "களவெடுக்கேல்லை அக்கா, மாசக்கடைசியிலை போட்டுவிடுறன்" என்றார் அவர். அவர் களவெடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் மூத்தவர் ஒடியல் கிழங்கு வாங்கியவருக்குக் காசு கொடுக்க முடியாமல் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார் என்பதும் உண்மை. அக்காவிற்கும் தம்பிக்கும் பேச்சு நின்றது. பெண்கள் மூவருக்கும் இடையில் சந்தேகம் புகுந்தது. சமாதானம் பேசப் போன என்னிடமும் ஒருவர், "உங்களுக்கு எழுதி அனுப்ப ஒரு கதை கிடைச்சிட்டுது மிஸ்" என்றார். அது சுட்டது.

அந்தச் சூட்டில்தான் நான் ஒரு பிழை விட்டேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள், கணினி தெரிந்தவள் என்ற எண்ணம் எனக்கு. உடனடியாக ஓர் இணையத்தளம் செய்வித்து, வெளிநாட்டு வாடிக்கையாளர் கடனட்டையால் நேரே காசு செலுத்தும் சேவை ஒன்றில் சேர்த்துவிட்டேன். மாதக் கட்டணம் கூடிய திட்டம், ஆனால் ஒவ்வொரு விற்பனைக்கும் எடுக்கும் தரகு குறைவு என்று போட்டிருந்தது. தரகு குறைவு என்பதை மட்டும்தான் என் கண் கண்டது.

எங்கள் கணக்கை அப்படியே எழுதுகிறேன். மாதக் கட்டணம் 3,000 ரூபா. தரகு நூற்றுக்கு 3. அந்த மாதம் 2,500 ரூபாப் பொதிகள் 8 விற்றன. மொத்தம் 20,000 ரூபா. தரகு 600, கட்டணம் 3,000, ஆக 3,600 ரூபா. பொதி ஒன்றில் எங்களுக்கு மிஞ்சுவது 500 ரூபா; எட்டுப் பொதிக்கு 4,000. அதில் 3,600 போக மூன்று பெண்களுக்கும் சேர்த்து மிஞ்சியது 400 ரூபா. மாதக் கட்டணமே இல்லாமல் நூற்றுக்கு 4 எடுக்கும் திட்டத்தில் சேர்ந்திருந்தால் 800 ரூபாதான் போயிருக்கும், 3,200 மிஞ்சியிருக்கும். நூற்றுக்கு 1 வித்தியாசத்தால் 3,000 ரூபாவை மீட்பதற்கு மாதம் 3 இலட்சம் ரூபாவிற்கு விற்க வேண்டும். இதைக் கூட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நான் அதைச் செய்தது மூன்று மாதம் கழிந்த பிறகு. அந்த நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. எல்லாம் எழுதியிருந்தது. வாசித்து விளங்கப்படுத்த வேண்டியவள் நான்.

மூவரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். மூத்தவர் ஓலை வார்வதை நிறுத்தாமலே கேட்டார்: "அது கிடக்கட்டும் பிள்ளை. இப்ப நீ சேர்த்துவிட்ட இடத்திலை காசு ஆற்றை பேரிலை வந்து நிக்குது?"

அது என்னுடைய மின்னஞ்சலில் பதிந்த கணக்கு. கடவுச்சொல் என்னிடம். வங்கிக் கணக்கோ மூவரில் ஒருவருடையது. தம்பி இருந்த இடத்தில் நான் வந்து இருந்துவிட்டேன்! உதவி என்ற பெயரில் செய்தபடியால் எனக்கு அது கண்ணில் படவில்லை.

அன்று முதல் தேடலைத் திருப்பித் தொடங்கினோம். எந்தச் சேவை சிறந்தது என்று கேட்பதை விட்டு, எந்தச் சேவையில் எங்கள் காசு எங்கள் பெயரில், எங்கள் கண் காண, எங்களுக்குத் தேவையான நேரத்தில் வரும் என்று கேட்டோம்.

முதலில் இந்தக் கேற்வே என்பது என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் இருக்கும் ஒருவர் தன் அட்டை இலக்கத்தை இணையத்தில் தட்டுகிறார். சேவை நிறுவனம் அதை அவருடைய வங்கியிடம் கொண்டுபோய், "இவருக்குக் காசு இருக்கிறதா, இவர்தானா இவர்?" என்று கேட்கிறது. அந்த வங்கி பெரும்பாலும் அவருடைய தொலைபேசிக்கு ஓர் இரகசிய இலக்கம் அனுப்பி உறுதிப்படுத்தும். பிறகு காசு அந்த வங்கியிலிருந்து இங்குள்ள வங்கிக்கு வரும். சேவை நிறுவனம் தன் தரகைக் கழித்துக்கொண்டு மீதியைச் சில நாட்களில் எங்கள் கணக்கில் போடும். அட்டை இலக்கம் எங்கள் கைக்கு வரவே வராது, வரவும் கூடாது. எவராவது வட்ஸ்அப்பில் அட்டை இலக்கத்தை அனுப்பினால் அதை அழித்துவிட்டு, இணைப்பின் வழியாகச் செலுத்தச் சொல்ல வேண்டும். மற்றவரின் அட்டை இலக்கத்தைக் கொப்பியில் எழுதி வைப்பது மற்றவர் வீட்டுத் திறப்பை வாசலில் தொங்கவிடுவது போன்றது.

எல்லோருக்கும் கேற்வே தேவையில்லை என்பதையும் அப்போதுதான் விளங்கிக்கொண்டோம். உள்நாட்டில் வாங்குபவர்களுக்கு வங்கியிலிருந்து வங்கிக்கு அனுப்புவதே போதும். 2015 இல் வந்த பொது இலத்திரனியல் மாற்று முறையால் ஒரு வங்கியில் போட்ட காசு வேறொரு வங்கிக் கணக்கிற்கு உடனேயே வந்துவிடுகிறது. 2012 இல் டயலொக் தொடங்கிய ஈசி காஷ் போன்ற கைத்தொலைபேசிக் காசு முறைகளும் உண்டு. வங்கிக்குப் போக வசதியில்லாத கிராமங்களுக்கு அவை உதவின. திருவிழாக் காலத்தில் கோவிலடியில் கடை போடும் பெண்களுக்கு லங்கா கியூ.ஆர். மிக வசதி. மத்திய வங்கி 2018 இல் கொண்டுவந்த தேசிய முறை அது. எந்த வங்கியின் செயலி வைத்திருப்பவரும் ஒரே சதுரப் படத்தை ஸ்கான் செய்து காசு போடலாம். தரகும் அட்டையை விடக் குறைவு. ஆனால் அந்தப் படத்தின் மேல் வேறொருவர் தன் படத்தை ஒட்டிவிட்டுப் போகும் களவு பல நாடுகளில் நடக்கிறது. ஆகவே ஒவ்வொரு நாள் காலையும் ஒரு தடவை ஸ்கான் செய்து, திரையில் உங்கள் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டுக் காசுதான் சிக்கல். உறவுகள் எல்லோரும் முதலில் கேட்பது, "பேபால் இருக்கோ?" என்றுதான். இலங்கையில் இருப்பவர்கள் நீண்ட காலமாகப் பேபாலால் காசு செலுத்த முடிந்ததே தவிர, பெற முடியவில்லை. ஸ்ரைப் என்ற மற்றொரு பெரிய சேவையும் இலங்கையில் பதிந்த வியாபாரங்களைச் சேர்க்கவில்லை. இதனால் பலர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினரின் கணக்கில் காசைச் சேர்த்து, அவர் பிறகு அனுப்பும்படி வைத்திருக்கிறார்கள். அது தம்பியின் கணக்கேதான், கடலுக்கு அப்பால் இருக்கிறது என்பதே வித்தியாசம். அந்த உறவினருக்கும் அங்கே வரிக் கேள்வி வரலாம். நல்ல வேளையாக, பேஹியர், வெப்எக்ஸ்பே என இலங்கையிலேயே இயங்கும் சேவைகள் உண்டு. வர்த்தக வங்கிகள் சிலவும் தாங்களே இச்சேவையைத் தருகின்றன. விசா, மாஸ்ரர் அட்டை வைத்திருக்கும் வெளிநாட்டவர் இவற்றின் வழியாகச் செலுத்தலாம். இணையத்தளம் கூடத் தேவையில்லை. தொகையைக் குறித்து ஓர் இணைப்பை அனுப்பினால் அவர் அதைத் திறந்து செலுத்திவிடலாம். நாங்கள் செய்வித்த இணையத்தளத்திற்கு அவசியமே இருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கட்டணங்கள் மாறுகின்றன. அதனால் சேவைகளின் கட்டணப் பட்டியலை இங்கே எழுதவில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் மாறுவதில்லை. அவற்றை எழுதுகிறேன். வங்கிக்கோ நிறுவனத்திற்கோ போகும்போது ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

முதலாவது: சேர்வதற்கு எவ்வளவு, மாதத்திற்கு எவ்வளவு, விற்பனை ஒன்றிற்கு எவ்வளவு? ஒன்றுமே விற்காத மாதத்திலும் கட்ட வேண்டுமா? சென்ற ஆறு மாதத்தில் நீங்கள் உண்மையில் விற்ற தொகையை வைத்துக் கணக்குப் பாருங்கள். விற்க ஆசைப்படும் தொகையை வைத்துப் பார்க்காதீர்கள். நான் அதைத்தான் செய்தேன்.

இரண்டாவது: காசு எத்தனை நாளில் கைக்கு வரும்? வாடிக்கையாளர் வியாழக்கிழமை செலுத்தியது அடுத்த கிழமைதான் வருமானால், நாளைக்குத் திருநெல்வேலிச் சந்தையில் செத்தல் மிளகாய் வாங்க என்ன செய்வீர்கள்? இந்த இடைவெளியில்தான் பெண்கள் கிழமைக் கடனில் விழுகிறார்கள். வாசலுக்கு வந்து வசூலிக்கும் அந்தக் கடன் எங்கள் மாகாணத்துப் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய முன்வரும் அளவிற்கு நிலைமை போயிருந்தது. ஆகவே இரண்டு ஓடருக்குப் போதுமான மூலப்பொருள் காசைக் கையில் ஒதுக்கிய பிறகே கேற்வேயில் சேருங்கள்.

மூன்றாவது: வாங்கியவர் "பொருள் வரவில்லை" என்று தன் வங்கியிடம் முறையிட்டால் என்ன நடக்கும்? அட்டையால் செலுத்தியவருக்கு அந்த உரிமை உண்டு. எங்கள் கணக்கில் வந்த காசையும் திருப்பி எடுப்பார்கள். அதற்கு எங்கள் பாதுகாப்பு, தபாலகத்தில் தந்த பற்றுச்சீட்டும் பொதியின் இலக்கமும்தான். அவற்றைப் படம் எடுத்து வாங்கியவருக்கு அனுப்பிவிட்டு, தாளை ஒரு வருடமாவது பத்திரப்படுத்துங்கள்.

நான்காவது: விலையை எந்த நாணயத்தில் சொல்வது? 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் நின்ற அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவிற்கு ஏறியது. ரூபாவில் விலை பேசி மூன்று மாதம் கழித்துப் பொருள் அனுப்பியவர்கள் கைநட்டப்பட்டார்கள். சொன்ன விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதே காலத்தில் வங்கியை விட உண்டியலில் கூடக் கிடைத்தது என்பதும் உண்மை. ஆனால் உண்டியலில் வந்த காசு எந்தத் தாளிலும் இராது. கணக்கில் உங்கள் பெயரில் மாதம் மாதம் வந்த காசு ஒரு பதிவு. நாளைக்கு வங்கியிடம் தொழிற்கடன் கேட்கும்போது உங்களுக்காகப் பேசப் போவது அந்தப் பதிவுதான்.

ஐந்தாவது: பிரச்சினை வந்தால் தமிழில் யாரிடம் கேட்கலாம்? தொலைபேசியில் ஒரு தடவை அழைத்துப் பாருங்கள். சேர்வதற்கு முன்பே தமிழில் பதில் சொல்ல ஆள் இல்லையென்றால், சேர்ந்த பிறகு இருக்கமாட்டார்கள். வங்கியோ நிதி நிறுவனமோ முறைப்பாட்டைக் கவனிக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்திற்கு 1935 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

ஆறாவது, மூத்தவர் கேட்டது: காசு யாருடைய பெயரில் வரும்? வங்கிக் கணக்கு, வணிகப் பெயர்ப் பதிவு, மின்னஞ்சல், குறுஞ்செய்தி வரும் தொலைபேசி இலக்கம், கடவுச்சொல் ஆகிய ஐந்தும் உங்களுடையதா? ஒன்று மற்றவர் கையில் இருந்தாலும் காசின் ஒரு நுனி அவர் கையில் இருக்கிறது.

வணிகப் பெயரை பிரதேச செயலகத்தில் பதியலாம். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் வேண்டும். பெரிய வேலை இல்லை. ஆனால் எங்கள் பெண்களுக்குக் காகிதம் என்றாலே ஒரு பயம் உண்டு. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட இரவில் சோற்றுப் பானையை விட்டுவிட்டுக் காகிதப் பையைத் தூக்கியவர்கள் நாங்கள். அந்தப் பையும் மழையில் நனைந்தது. வன்னியில் இருந்தவர்களுக்கு 2009 இல் பையும் இல்லை. அங்கிருந்த வைப்பகங்களில் காசும் நகையும் வைத்தவர்கள் கையில் ஒரு துண்டு மட்டும் மிஞ்சியது. பலருக்கு அதுவும் இல்லை. கண்ணால் காணாத இடத்தில் காசை வைக்கச் சொன்னால் தயங்குவது அறியாமை அல்ல. அது அனுபவம். அந்தத் தயக்கத்தோடு கூடவே இருந்து, தாள் தாளாக விளக்க வேண்டியது எங்கள் கடமை.

வங்கிக்குப் போன நாளைச் சொல்ல வேண்டும். இரண்டாமவர் அதுவரை தன் பெயரில் தனியாகக் கணக்கு வைத்திருக்கவில்லை. விண்ணப்பத்தில் ஒரு பெட்டி: திருமணமானவரா, ஆகாதவரா, விதவையா? அவர் பேனையைப் பிடித்தபடி இருந்தார். விதவை என்று எழுதமாட்டார். பதினைந்து வருடத்திற்கு மேலாகப் பொட்டு வைத்துக்கொண்டு இருக்கிறவர். திருமணமானவர் என்று கோடிட்டார். கருமபீடத்தில் இருந்த இளைஞர், "கணவரின் தொழில்?" என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். கையால் என்னைத் தடுத்துவிட்டு, "அவரைக் காணேல்லைத் தம்பி. கணக்கு என்ரை பேரிலை. அவற்றை கையெழுத்து வேணுமோ?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி எங்களிடம் வருவதற்கும் காரணம் உண்டு. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்பதற்கும் ஈடு வைப்பதற்கும் கணவனுடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வைத்தது. கணவர் காணாமற் போன பெண்கள் எத்தனை பேர் இதனால் நீதிமன்றப் படி ஏறினார்கள்! ஆனால் அதே சட்டம் அவளுடைய அசையும் சொத்தைக் கையாள அந்தச் சம்மதத்தைக் கேட்கவில்லை. அவள் உழைத்த காசு அசையும் சொத்து. வங்கிக் கணக்கைத் தன் தேசிய அடையாள அட்டையோடு போய் அவளே திறக்கலாம். அந்த இளைஞரும், "தேவையில்லை அம்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உங்கடை தொழில்?" என்று கேட்டார். இல்லத்தரசி என்று எழுதத் தொடங்கியிருந்தவரை நிறுத்தி, "மிளகாய்த்தூள் உற்பத்தி" என்றார் அவர். அதையே எழுதினார்கள்.

இப்போது எங்கள் ஏற்பாடு இதுதான். உள்நாட்டு ஓடர்க் காசு, யாருடைய பொருளோ அவருடைய கணக்கிற்கு நேரே வருகிறது. வெளிநாட்டு ஓடருக்கு மட்டும் மாதக் கட்டணம் இல்லாத கேற்வே. வணிகப் பெயரை மூவரும் பங்காளராகப் பதிந்தார்கள். வங்கிக் கணக்கு கூட்டுக் கணக்கு. இருவர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது. குறுஞ்செய்தி இளையவரின் தொலைபேசிக்கு வரும். வந்த உடனே மற்ற இருவருக்கும் அவர் அனுப்ப வேண்டும். மாதம் 5 ஆம் திகதி மூத்தவரின் விறாந்தையில் இருந்து, வந்த காசையும் போன தரகையும் ஒரு கொப்பியில் எழுதி மூவரும் ஒப்பம் வைக்கிறார்கள். நான் எதிலும் ஒப்பம் வைப்பதில்லை. கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள்; என்னிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் முதல் மாதம் மனதிற்குள் ஒரு சிறு குறை இருந்தது என்பதை ஒளிக்கமாட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். சென்ற வருடம் ஒருவர், வங்கியில் காசு போட்ட சிலிப்பு என்று ஒரு படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினார். இளையவர் அதை நம்பி நான்கு சட்டைகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டார். காசு வரவேயில்லை; படம் கணினியில் திருத்தியது. அதன் பிறகு எங்களுக்கு ஒரு சட்டம்: சிலிப்பைப் பார்த்துப் பொதி கட்டுவதில்லை, கணக்கில் காசைப் பார்த்துத்தான் கட்டுவது. இன்னொரு சட்டம்: தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை வங்கி என்று சொல்லி யார் கேட்டாலும் கொடுப்பதில்லை. காசை வாங்குவதற்கு அந்த இலக்கம் தேவையே இல்லை, கொடுப்பதற்குத்தான் தேவை. 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் நாட்டில் சமூக வலைத்தளங்களை நிறுத்தியதை நினைத்து, வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கங்களையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம்.

தம்பி மாசக்கடைசியில் என்று சொன்ன காசை ஐந்து தவணையில் கொடுத்து முடித்தார். அக்காவோடு பேசுகிறார். பொதிகளைத் தபாலகத்திற்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்தான். பொதிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியும் கொப்பியில் எழுதப்படுகிறது.

சகோதரிகளே, நீங்கள் ஊறுகாய் போடுபவராக இருக்கலாம், சட்டை தைப்பவராக இருக்கலாம், மோர்மிளகாய் காயவைப்பவராக இருக்கலாம். உங்கள் மகனோ மருமகனோ என்னைப் போன்ற ஓர் உத்தியோகத்தரோ வந்து, "நான் பார்த்துத் தாறன்" என்றால் அவருடைய நல்ல மனதிற்கு நன்றி சொல்லுங்கள். செயலியை எப்படித் திறப்பது என்று கேட்டுப் படியுங்கள். ஆனால் கணக்கை உங்கள் பெயரில் திறவுங்கள். முதற் காசு வந்த குறுஞ்செய்தியை நீங்களே வாசியுங்கள். எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க முடியுமென்றாலும் பரவாயில்லை. எங்கள் இரண்டாமவர் அதை மூன்று தரம் வாசித்துவிட்டு, தொலைபேசியை என்னிடம் நீட்டி, "இதிலை இருக்கிறது என்ரை பேர்தானே மிஸ்?" என்று கேட்டார். அவருடைய பெயர்தான் இருந்தது.